மழைக்காலத்தில் மழலைக்கு எந்தத் துணி?

கிடர்பூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே ஈரம் நிற்கும். குழந்தையின் இடுப்பில் கட்டும் துணி நன்றாக உறிஞ்சினால் மட்டும் போதாது. சீக்கிரம் உலரவும் வேண்டும். ஈரம் காயாத துணியைக் கட்டினால் பிஞ்சுத் தோல் சிவந்து புண்ணாகும்.

பல மடிப்பாகத் தைத்த துணி நடுவில் ஈரம் காத்து நாறும். ஒற்றையாக விரித்து உலர்த்தி, கட்டும்போது மடித்துக்கொள்ளும் மெல்லிய பருத்தியே மேல். நம் பாட்டிமார் பழைய வேட்டியைக் கிழித்து வைத்தார்கள். வங்கத்துப் பெண்கள் பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, குழந்தையைக் கிடத்தக் காந்தா தைத்தார்கள். பலமுறை துவைத்த பருத்தியின் மென்மையை இருவருமே அறிந்திருந்தார்கள்.

பாலியஸ்டர் துணி நீரைச் சரியாக உறிஞ்சாது. புதுத் துணியானால் கஞ்சி போக நாலைந்து முறை அலசுங்கள். வெயில் இல்லாத நாளில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கட்டுங்கள்.