துணிக்கூரை ஜீப்பில் கேரியர்: எடையைத் தாங்குவது எது?

மஹிந்திரா தார் போன்ற வாகனங்களின் துணிக்கூரை மாடல்களில் மலைப் பயணம் செல்வோர், பெட்டி, கூடாரம் ஆகியவற்றை ஏற்ற கேரியர் பொருத்த விரும்புகின்றனர். ஆனால், துணியும் அதை விரித்துப் பிடிக்கும் கம்பிகளும் வெயில், மழையைத் தடுப்பதற்கானவை; சுமையைத் தாங்கா. எனவே, கேரியரின் எடை கூரையில் படாமல், அதன் கால்கள் வழியாக வாகனத்தின் உடற்பகுதியில் இறங்க வேண்டும். பயணிகளைக் காக்கும் உள்சட்டத்தில் துளையிட்டால் அதன் வலிமை குறையும்.

மேலே எடை கூடினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவுகளில் வாகனம் கவிழும் அபாயம் அதிகரிக்கும். கனமான பொருள்களை உள்ளே தாழ்வாக வைப்பதே பாதுகாப்பு.

தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, 6 மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.