வழி மறந்த முதியோரும் நம் கடமையும்

பல்லாண்டு நடந்து பழகிய தெருவிலே, வீட்டிற்கு நான்கு வாசல் தள்ளி, எப்பக்கம் திரும்புவதென்று தெரியாமல் முதியவர் ஒருவர் திகைத்து நிற்கிறார். கண்ணிலே குறையில்லை, காலிலே வலுவுண்டு. வழி மட்டும் நினைவினின்றும் நழுவிவிட்டது. டிமென்ஷியா என்னும் மறதி நோயின் தொடக்க அறிகுறிகளுள் இதுவும் ஒன்று. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாமென்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆகவே இஃது எங்கோ ஒரு வீட்டின் துயரம் மட்டும் அன்று.

வழி மறப்பது பிடிவாதமும் அன்று, கவனக் குறைவும் அன்று. மூளையின் உட்புறத்தே ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. இருக்கும் இடத்தை உணர்த்தும் உயிரணுக்கள் அங்கே இருப்பதை, எலிகளை ஆராய்ந்த ஜான் ஓகீஃப் என்னும் அறிஞர் 1971-இல் வெளியிட்டார். அதனை அடுத்த பகுதியிலே, இடத்தை அளந்தறிய உதவும் வேறு அணுக்களை மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகிய இருவரும் 2005-இல் கண்டறிந்தனர். மூவரும் 2014-இல் நோபெல் பரிசு பெற்றனர். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்ஸைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது இப்பகுதிகளையே. உள்ளத்து வரைபடம் மங்கிவிட்டவரிடம், "இரண்டு தெரு தாண்டி வடக்கே திரும்புங்கள்" என்று சொல்லிப் பயன் என்ன?

வீட்டார் பலர் அஞ்சி வாசற்கதவைப் பூட்டிவிடுகின்றனர். அச்சம் இயல்பே. ஆனால் நடை நின்றால் உடல் தளர்கிறது, உறக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. பூட்டை நாடுமுன் வழியை எளிதாக்க முயல்வோமாக.

நாள்தோறும் ஒரே வழியில், ஒரே நேரத்தில் நடப்பது நன்று. மாலையில் சிலருக்குக் குழப்பம் மிகும். ஆதலின் காலை நடையே ஏற்றது. கோபுரம், மினார், அரசமரம் போன்று நிலைத்து நிற்பவற்றையே அடையாளமாகக் கொள்ளவேண்டும். விளம்பரப் பலகை இன்றிருந்து நாளை மறையும். தடுமாற்றம் நேர்வது பெரும்பாலும் திருப்பங்களிலே. உடன் செல்வோர் கையைப் பிடித்து இழுக்காமல், அரையடி பின்னே நடந்து, அவரே திரும்பும்வரை சற்றுப் பொறுத்திருக்கலாம். மும்பை, தில்லி போன்ற நகரங்களின் அடுக்குமாடிகளில் எல்லாக் கதவுகளும் ஒன்றுபோலவே இருக்கும். அவருடைய இளமைக்காலப் புகைப்படத்தைக் கதவிலே மாட்டினால், எண்ணைவிட அது எளிதில் வழிகாட்டும்.

சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். தேநீர்க் கடைக்காரர், சலவைக்காரர், காவற்காரர், ஆட்டோ ஓட்டுநர் முதலியோரிடம் நிலையைச் சொல்லிவைப்போம். நோயை வெட்கமென்று மறைத்தால், உதவக்கூடியவர்க்கும் உதவ வழியில்லை. காணாமற்போனால் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது தவறு. உடனே 112 என்ற எண்ணில் காவல்துறைக்கு அறிவித்து, அண்டையிலும், அவர் முன்பு குடியிருந்த வீடு, வேலை பார்த்த இடம் ஆகியவற்றிலும் தேடவேண்டும். முதியோர் நலம் பற்றிய ஆலோசனைக்கு 14567 என்ற எண் உண்டு.

தெருவில் திகைத்து நிற்பவரைக் கண்டால், எதிரே நின்று, மெதுவாக, ஒரு முறைக்கு ஒரு கேள்வியே கேட்போம். "வீட்டை மறந்துவிட்டீர்களா?" என்பது அவரைப் புண்படுத்தும். "ஐயா, வாருங்கள், சேர்ந்து நடப்போம்" என்றால் அவர் மதிப்போடு வீடு சேர்வார்.