பட்டறை பார்த்த புரோட்டோன்

1990-களின் தொடக்கத்தில் கிள்ளானில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், உள்ளே தூக்கி நிறுத்தியிருக்கும் காடிகளில் பெரும்பாலானவை புரோட்டோனாகத்தான் இருக்கும். சாகா, இஸ்வாரா, கொஞ்சம் பின்னால் வீரா. நாட்டில் விற்ற பயணிகள் காடிகளில் பத்துக்கு ஏழு அந்தக் கம்பெனியுடையது. போமன், அதாவது பட்டறை மெக்கானிக், பானட்டைத் திறப்பதற்கு முன்பே, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எந்தச் சாமான் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பையன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் கால்மணி நேரத்தில் அதை வாங்கி வந்துவிடுவான்.

இன்று அதே பட்டறைகளில் பெரோடுவா மைவிதான் அதிகம். புரோட்டோனும் வருகிறது, ஆனால் பழையது. புது எக்ஸ்70, எக்ஸ்50 எல்லாம் உத்தரவாதம் முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டு வெளியே வருவதில்லை. புரோட்டோன் விழுந்த கதையையும் எழுந்த கதையையும் விற்பனை எண்ணிக்கையை வைத்துப் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் அதைச் சாமான் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். அங்கிருந்து பார்த்தால் காடி எழுந்துவிட்டது, காடிக்குச் சாமான் செய்யும் தொழில் அந்த அளவுக்கு எழவில்லை.

இந்தத் தொழில் நடந்த மண் ஒரு காலத்தில் நம்மவர்கள் பால் மரம் வெட்டிய மண். ஷா ஆலம் என்ற பெயர் வருமுன் அந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். கிளன்மேரி ரப்பர் தோட்டத்தின் பெயர் இன்று தொழிற்பேட்டையின் பெயர்ப்பலகையில் நிற்கிறது. தோட்டம் போன பிறகும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஷா ஆலத்தில் அதே பெயரோடு நடக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் பத்து தீகாவில் வால்வோ காடியைப் பொருத்தும் ஆலை வந்தது. மலேசியாவின் முதல் காடி பொருத்தும் ஆலை அதுதான். அதன் பிறகு செகாம்புட்டில் டட்சன், மற்ற இடங்களில் மற்றவை. ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பொருத்தினார்கள். 1980 வாக்கில் அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது: இந்தச் சாமான்களைப் பெட்டியில் கொண்டுவராதே, உள்ளூரில் வாங்கு. பேட்டரி, டயர், ரேடியேட்டர், ஸ்பிரிங் பட்டை, இருக்கை, கண்ணாடி, வயரிங் என்று அது வளர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சாமான் ஆலைகள் பெருகியதற்கு இந்தப் பட்டியல்தான் விதை.

புரோட்டோன் 1983-இல் பதிவானது. டாக்டர் மகாதீர் பிரதமர், கூட்டாளி ஜப்பானின் மிட்சுபிஷி. 1985 ஜூலை 9-ஆம் தேதி முதல் சாகா வெளியானது. உள்ளே மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே, வெளியே மலேசியக் கொடியின் பிறையும் நட்சத்திரமும். முதலில் வெளிவந்த சாகா இன்றும் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1988-இல் சாமான் செய்வோருக்கான திட்டம் தொடங்கியது. பூமிபுத்ரா தொழில்முனைவோரை வளர்ப்பது அதன் நோக்கம். ஆகவே முதலாளி நாற்காலியில் தமிழரைத் தேடினால் கிடைப்பது அரிது. அச்சு இயந்திரத்தின் முன்னும், வெல்டிங் பொறிக்கு நடுவிலும், தரம் பார்க்கும் மேசையிலும் நம் பிள்ளைகள் இருந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு மாதச் சம்பளம், சேமநிதி, ஓவர்டைம் என்று ஒரு வாழ்க்கை அங்கிருந்து கிடைத்தது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பட்டறைக்கு அது பொற்காலம். காரணம் எளிமையானது. சாகாவும் வீராவும் பிறப்பால் மிட்சுபிஷி. ஆகவே ஒரே சாமான் நாலு வழியில் கிடைத்தது. கம்பெனிப் பெட்டியில் வருவது ஒரிஜினல். அதே ஆலையில் செய்து பெட்டி இல்லாமல் வருவது ஓஇஎம். தைவானிலிருந்தோ இங்குள்ள வேறு ஆலையிலிருந்தோ வருவது லோக்கல். நாலாவது வழி ஹாஃப் கட்.

ஹாஃப் கட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் போமன்களின் கைத்திறமைக்கு அதுவும் ஒரு பள்ளிக்கூடம். ஜப்பானில் காடி பழசாக ஆக, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையும் வரியும் செலவைக் கூட்டிக்கொண்டே போகும். நல்ல எஞ்சின் இருக்கும்போதே காடியைக் கழித்துவிடுவார்கள். அதை நடுவில் அறுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் டேஷ்போர்டும் இருக்கும் முன்பாதியைக் கண்டெய்னரில் அடுக்கிக் கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். இங்கே கெடாய் பொத்தோங் என்று நாம் சொல்லும் கடைகள் அதை இறக்கிப் பிரித்து விற்கும். லான்சரின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் வீராவுக்குள் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்கார்ந்துவிடும். இரண்டும் ஒரே குடும்பம். எஞ்சினை மாற்றி, வயரிங்கைத் தேடிப்பிடித்து இணைத்து, பிரேக்கையும் பெரிதாக்கி, புஸ்பக்கோம் வாகனச் சோதனைக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பதிவுக்கும் கொண்டு போய் நிறுத்தும்வரை அத்தனையும் பட்டறையின் வேலை. புத்தகம் இல்லாமல், இணையம் இல்லாமல், ஒரு வயரின் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கைத்திறமைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. செந்தூலில் இருந்த ரயில்வே மத்தியப் பட்டறையில் கடைசல், வார்ப்பு, பற்றவைப்பு என்று எல்லா வேலையும் ஒரே வளாகத்தில் நடந்தது. செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வாழ்ந்த தமிழ் ரயில்வே குடும்பங்களில் இரும்பு வேலை தெரிந்த அப்பா, தாத்தா இல்லாத வீடு குறைவு. காடி வந்தபோது கை மட்டும் இடம் மாறியது.

பிரிக்ஃபீல்ட்ஸில் டாக்சி ஓட்டியவர்களைக் கேட்டால் இஸ்வாராவைப் பற்றிப் பேச நேரம் போதாது. சிவப்பும் வெள்ளையுமாக, பின்பெட்டியில் எரிவாயு உருளையோடு, கேஎல் சென்ட்ரல் வாசலில் வரிசையாக நிற்கும். முதல் சாகாவின் சட்டகம் பெயரும் முகமும் மாறி 2008 வரை ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று ஆண்டு ஒரே எலும்புக்கூடு. புதிய வடிவத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அது சலிப்பு. டாக்சிக்காரருக்கு அது வரம். கிளட்ச், அப்சோர்பர், பூஷ் எதுவானாலும் எந்தக் கடையிலும் இருக்கும், விலையும் கைக்குள் இருக்கும். “அண்ணே, ஒரிஜினலா லோக்கலா?” என்று கடைக்காரர் கேட்பார். அன்றைய வசூலைப் பொறுத்து அண்ணன் பதில் சொல்வார்.

மிட்சுபிஷி வழி வந்த காடி பந்தயத்திலும் ஜெயித்தது. 2002-இல் மலேசிய ரேலி ஓட்டுநர் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவோடு, உலக ரேலி தயாரிப்புக் காடிப் பிரிவில் வாகை சூடினார். ஓட்டியது புரோட்டோன் பெர்ட். அதன் அடிப்படையும் மிட்சுபிஷி லான்சர் எவோதான். அந்த வெற்றிக்கு நாடு கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விழுந்தது எப்படி? சாமான் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் திருப்பம் ஒரு பெருமையில் தொடங்குகிறது. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியைப் புரோட்டோன் வாங்கியது. 2000-இல் சொந்த வடிவமைப்பில் வாஜா வந்தது. அதில் மிட்சுபிஷி எஞ்சின் இருந்தது, 1.8 லிட்டர் வாஜாவில் ரெனோ எஞ்சின். 2004-இல் ஜென்-2 காடியோடு லோட்டஸ் உதவியில் செய்த சொந்த எஞ்சின் கேம்ப்ரோ வந்தது. சொந்த எஞ்சின் செய்யும் நாடுகள் உலகில் எத்தனை என்று எண்ணிப்பார்த்தால் இந்தச் சாதனையின் எடை தெரியும். ஆனால் பட்டறைக்கு அதன் மறுபக்கம் உடனே தெரிந்தது. கேம்ப்ரோவின் சாமான் வேறெந்தக் காடியிலும் கிடையாது. ஜப்பானிலிருந்து ஹாஃப் கட் வராது. ரெனோ எஞ்சின் வாஜா வந்து நின்றால் போமனின் முகம் வாடும். நாலு வழியில் கிடைத்த சாமான் இப்போது ஒரு வழியில் மட்டும். அந்த வழி அடைத்தால் காடி வாரக்கணக்கில் தூக்கியபடியே நிற்கும்.

தரமும் சறுக்கியது. இறங்கிய பவர் விண்டோ ஏறாத கதை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. கேம்ப்ரோவின் ஆயில் கூலர் ஹோஸ் கசிந்து எண்ணெயும் தண்ணீரும் கலப்பது போமன்களுக்குப் பாடமாகிவிட்டது. இவை பெரிய குறைகள் அல்ல. சில பத்து வெள்ளிச் சாமான்கள். அவற்றைச் செய்து கொடுத்த ஆலைகள் பலவற்றுக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை, அவற்றோடு போட்டியிட வேறு ஆலையும் இல்லை. இறக்குமதிக் காடிக்கு விதித்த உயர்ந்த வரி புரோட்டோனைக் காத்தது, புரோட்டோன் இந்த ஆலைகளைக் காத்தது. அடி படாமல் வளர்ந்த இடத்தில் தரம் மெதுவாகத்தான் வளரும். ஆசியான் வரிக்குறைப்பு வந்தபோது காப்பு தளர்ந்தது. 2005-இல் மைவி வந்தது. அடுத்த ஆண்டே பெரோடுவா முதலிடம் பிடித்தது. அதே சமயத்தில் புரோட்டோன் 7 கோடி யூரோ கொடுத்து எம்வி அகுஸ்தா என்ற இத்தாலிய மோட்டார்சைக்கிள் கம்பெனியில் பெரும்பங்கை வாங்கி, ஓராண்டில் ஒரு யூரோவுக்கு விற்றது. அந்தப் பணம் ஷா ஆலத்தைச் சுற்றியிருந்த அச்சு ஆலைகளின் தரத்துக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

2012-இல் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானா, புரோட்டோனில் இருந்த தன் பங்கை டிஆர்பி-ஹைகாம் குழுமத்துக்கு விற்றது. 2016-இல் அரசாங்கம் 150 கோடி வெள்ளி கடன் கொடுத்தது. சாமான் கொடுத்த ஆலைகளுக்கு நிலுவையில் இருந்த பணத்தைத் தீர்ப்பது அந்தக் கடனின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. நிலுவை என்ற ஒரு சொல்லுக்குள் ஓவர்டைம் நின்றது, ஷிப்டு குறைந்தது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதது எல்லாம் அடங்கும். 2018-இல் புரோட்டோன் விற்றது சுமார் 64,700 காடி. நாலாம் இடம்.

அதற்குள் சீனாவின் ஜீலி வந்துவிட்டது. 2017 ஜூனில் 49.9 விழுக்காட்டுப் பங்குக்குக் கையெழுத்தானது. ஜீலி அனுப்பிய லீ சுன்ரோங் புரோட்டோனின் தலைமை ஏற்றார். 2018 டிசம்பரில் எக்ஸ்70 வந்தது. அது ஜீலி போயுவே. 2019-இல் சாகாவில் சத்தம் போட்ட சிவிடி கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஹியூண்டாயின் நாலு கியர் ஆட்டோவை வைத்தார்கள். வாங்கியவர்கள் வருடக்கணக்காகச் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதன் அடையாளம் அது. அந்த ஆண்டு விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டி இரண்டாம் இடம். 2023-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இன்னொரு செய்தியும் உண்டு. ஜீலி 2010-லேயே வால்வோவை வாங்கிவிட்டது. ஆகவே பத்து தீகாவில் தொடங்கிய முதல் ஆலையின் பிராண்டிலும் ஷா ஆலத்தில் தொடங்கிய தேசியக் காடியிலும் இன்று ஹாங்ஜோ நகரத்துக் கம்பெனி ஒன்றின் கை இருக்கிறது.

இந்த எழுச்சி உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலை நிறைய ஓடுகிறது, ஷோரூமில் இளைஞர்கள் நிற்கிறார்கள், பிள்ளைகளுக்கு மறுபடி வேலை கிடைக்கிறது. ஆனால் எக்ஸ்70-இன் வரைபடம் சீனாவில் பிறந்தது. உள்ளூர் ஆலைகள் சீன ஆலைகளோடு கூட்டுச் சேர்ந்து, அங்கே முடிவான சாமானை இங்கே செய்கின்றன. கூட்டுச் சேரும் பலம் இல்லாத சின்ன ஆலைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2024 டிசம்பரில் வந்த புரோட்டோனின் இ.மாஸ் 7 மின்காடியில் டைமிங் பெல்ட் இல்லை, கிளட்ச் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை. பட்டறை சம்பாதித்த சாமான்களில் பாதி அதில் இல்லவே இல்லை. முதல் எக்ஸ்70 காடிகளின் ஐந்தாண்டு உத்தரவாதம் முடிந்து அவை பட்டறைப் பக்கம் வரத் தொடங்கிவிட்டன. ஸ்கேனர் வாங்கிப் பழகிய இளம் போமன் அவற்றைத் தொடுகிறார். சத்தத்தை வைத்துச் சொன்ன தலைமுறை பழைய சாகாவோடு ஒதுங்கி நிற்கிறது.

தாக்குப்பிடித்தவர்களும் இருக்கிறார்கள். கிள்ளானைத் தளமாகக் கொண்ட நியூ ஹூங் ஃபாட், அடிபட்ட காடிக்கு மாற்றுத் தகடும் பம்பரும் விளக்கும் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. பண்டமாரானில் இருக்கும் ஏபிஎம் 1999-இல் டான் சோங் குழுமத்திலிருந்து தனியே பிரிந்த கம்பெனி. ஸ்பிரிங், அப்சோர்பர், இருக்கை, ரேடியேட்டர் என்று பல காடிகளுக்குச் செய்கிறது. இவர்கள் ஒரே கம்பெனியின் தோளில் தொங்கவில்லை. டொயோட்டாவுக்கும் நிசானுக்கும் பெரோடுவாவுக்கும் போகும் சாமானைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் புரோட்டோன் விழுந்தபோது வலித்தது, உயிர் போகவில்லை.

ஆகவே புரோட்டோனிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வாஜா, ஜென்-2, பழைய பெர்சோனா, எக்ஸோரா இன்னும் கிராமங்களிலும் அடுக்குமாடிகளின் கீழும் ஓடுகின்றன. ஓட்டுபவர்கள் புதுக் காடிக்குத் தவணை கட்ட முடியாதவர்கள். எக்ஸோராவில் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் போகிறவர்கள். உற்பத்தி நின்ற மாடல்களின் அச்சுகளையும் வரைபடங்களையும் கிடங்கில் வைத்திருக்காமல், நியாயமான கட்டணத்துக்குக் கிள்ளான், ஷா ஆலம் ஆலைகளுக்குக் கொடுக்கலாம். கம்பெனி முத்திரை வேண்டாம், அளவும் உலோகமும் சரியாக இருந்தால் போதும். கேம்ப்ரோவின் ஆயில் கூலர் ஹோஸிலிருந்து தொடங்கலாம். அடுத்து எஞ்சின் மௌண்டிங், வாஜாவின் கதவுப் பூட்டு, பவர் விண்டோ ரெகுலேட்டர்.