ரத்தம் வராத ஈறு நல்ல ஈறா?

மரத்தை மண் தாங்குகிறது. பல்லை ஈறும் எலும்பும் தாங்குகின்றன. மண் கரைந்தால் மரம் சாயும். ஈறும் எலும்பும் கெட்டால் பல் ஆடும். பிறகு விழும்.

ஈறு எப்படிக் கெடுகிறது?

பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகின்றன. சரியாகப் பல் துலக்காவிட்டால், அது இறுகிக் கல்போல் ஆகிறது. இதைக் காரை என்பார்கள். காரை சேர்ந்த இடத்தில் ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்கும்போது ரத்தம் கசியும். "இங்கே நோய் இருக்கிறது" என்று உடல் தரும் எச்சரிக்கை அது.

புகை என்ன செய்கிறது?

பீடியிலும் சிகரெட்டிலும் இருப்பது புகையிலை. புகையிலையில் நிக்கோட்டின் என்ற நஞ்சு உள்ளது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் ஈறுக்குப் போதிய ரத்தம் போவதில்லை. கிருமிகளோடு போராடும் சக்தி குறைகிறது. பல் பிடுங்கிய புண்ணும் சீக்கிரம் ஆறாது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைவதால் ஈறில் கசிவதும் குறைகிறது. "ரத்தமே வருவதில்லை டாக்டர், பல் மட்டும் ஆடுகிறது" என்பார்கள். எச்சரிக்கைதான் மறைந்தது. நோய் மறையவில்லை. உள்ளே எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளராது.

பீடியால் கெடுதல் குறைவா?

2016-17ல் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. இந்தியாவில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 11 பேர் புகை பிடிப்பது தெரிந்தது. அவர்களில் பீடி குடிப்பவர்களே அதிகம். பீடியில் புகையிலை குறைவு, அதனால் கெடுதலும் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். நஞ்சும் அதிகமாக உள்ளே போகும்.

விட்டால் என்ன ஆகும்?

ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்பும். அதனால் சில வாரங்களில் பல் துலக்கும்போது ரத்தம் கசியலாம். "பீடியை விட்டதால் வந்த வினை" என்று பயந்து மீண்டும் பீடியைத் தொடக் கூடாது. மறைந்திருந்த எச்சரிக்கை திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவுதான். பல் டாக்டரிடம் போய்க் காரையை எடுத்துவிட வேண்டும். தினமும் இரண்டு வேளை பல் துலக்க வேண்டும். ஈறு மெல்ல மெல்லத் தேறும்.

விடுவது எப்படி?

"ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று பல் டாக்டர் கேட்பார். வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் சரியான வழி சொல்ல முடியும். தேவைப்பட்டால் மருந்தும் தருவார்.

* விடுவதற்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

* அன்று முதல் பீடிக்கட்டு பையில் இருக்கக் கூடாது.

* ஆசை வந்தால் சில நிமிடம் பொறுத்தால் போதும். அடங்கிவிடும். தண்ணீர் குடிக்கலாம். ஏலக்காய், சோம்பு மெல்லலாம்.

* முதலில் எரிச்சல் வரும். தூக்கம் கெடும். சில வாரங்களில் அது குறையும்.

* பீடிக்குப் பதிலாகக் குட்கா, கைனி, புகையிலை கலந்த பல்பொடி எதுவும் கூடாது. அவையும் ஈறைக் கெடுக்கும். வாயில் புற்றுநோயும் வரவழைக்கும்.

புகையிலையை விட உதவும் மத்திய அரசின் தொலைபேசி எண் 1800-11-2356. இதற்குக் கட்டணம் இல்லை.

இடையில் ஒரு நாள் தவறிப் பிடித்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மறுநாளே மீண்டும் தொடங்கலாம். பலர் இரண்டு மூன்று முறை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள்.