மரங்களின் பக்கமும் உலைகளின் பக்கமும்

சில மாதங்களுக்கு முன்னர் நண்பர்கள் கூடிய சந்திப்பொன்றில், ரோல்கினின் 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' நாவலைச் சூழலியல் நோக்கில் வாசிக்க முடியும் என்று நான் சொன்னபோது ஒருவர் சிரித்துவிட்டார். "மந்திரவாதியும் மோதிரமும் வாற கதையில என்ன சூழலியல் ஐசே? பத்து மணித்தியாலம் பக்ரறியில நிண்டிட்டு வந்து வாசிக்க உமக்கு இதுதானா கிடைச்சது?" என்று கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இக்கட்டுரையை அப்பதிலாகக் கொள்ளலாம்.

ஊரில் பதினொரு வருடங்கள் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவன் நான். அக்காலத்தில் இந்நாவலை நானும் தொட்டதில்லை. மாயக்கதை என்றால் யதார்த்தத்திலிருந்து தப்பியோடுவது என்பதே எங்கள் வகுப்பறைகளின் தீர்ப்பாக இருந்தது. இப்போது பேர்மிங்ஹாமில் உலோகத் தகடு அழுத்தும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்கிறேன். ரோல்கின் நான்கு வயதிலிருந்து எட்டு வயதுவரை (1896–1900) வாழ்ந்த சேர்ஹோல் என் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயண தூரம்தான். அன்று அது நகரத்துக்கு வெளியே, தண்ணீரால் இயங்கும் ஆலையொன்றைக் கொண்ட சிறு கிராமம். பின்னர் நகரம் அதை விழுங்கியது. 1960களின் நடுப்பகுதியில் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், தன் கதை எதற்கும் உருவகம் அல்ல என்று ரோல்கின் மறுத்தார். ஆனால் சிறுவயதில் தான் வாழ்ந்த நாட்டுப்புறம் தன் கண்முன்னாலேயே அழிந்ததை அதே முன்னுரையில் குறிப்பிடவும் செய்தார். ஆகவே சூழலியல் வாசிப்பை நாம் வெளியிலிருந்து வலிந்து ஏற்றுகிறோம் என்று சொல்லிவிட முடியாது.

1954–55இல் மூன்று பாகங்களாக வெளிவந்த இந்நாவலின் அடிப்படைக் கதை எளிமையானது. அனைத்தையும் அடக்கியாளும் வல்லமை கொண்ட ஒரு மோதிரம். அதை நல்லவர்கள் கையிலெடுத்தால் நல்லது செய்யலாமே என்ற வாதம் திரும்பத் திரும்ப எழுகிறது. நாவல் ஒவ்வொரு தடவையும் அதை மறுக்கிறது. பயணமே அந்த மோதிரத்தை அழிப்பதற்காகத்தான். புதையலைத் தேடிப் போகும் கதைகளுக்குப் பழகிய எமக்கு இது தலைகீழானது. ஒரு வல்லமை எம்மிடம் இருப்பதனாலேயே அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதில்லை என்பதுதான் இங்குள்ள முதலாவது சூழலியல் கருத்து.

இரண்டாவது கருத்து மரங்களைப் பற்றியது. சாருமான் என்ற மந்திரவாதி தன் கோட்டையான ஐசன்கார்டில் இருந்த மரங்களைத் தறித்து, நிலத்தைத் தோண்டி உலைகளை அமைக்கிறான். உலைகளுக்கு விறகு போதாமல் அயலிலுள்ள பங்கோர்ன் காட்டிலும் கைவைக்கிறான். அக்காட்டில் மரமேய்ப்பர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் மரத்தாடி. நடக்கும் யுத்தத்தில் அவர் ஆரம்பத்தில் எந்த அணியிலும் இல்லை. காட்டைப் பற்றி எவருமே முழுமனதோடு அக்கறைப்படாதபோது தான் மட்டும் ஏன் ஒரு அணியில் சேரவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. மரமேய்ப்பர்கள் மூன்றாம் நாள்வரை கூடிப் பேசிவிட்டே எழுகிறார்கள். ஆற்றைத் திருப்பி உலைகளை மூழ்கடிக்கிறார்கள். நல்லவர்களான ஹொபிற்றுகளையும் நாவல் தப்பவிடவில்லை. அவர்கள் முன்னொருகாலம் வெட்டி எரித்ததைப் பழைய காடு இன்னமும் மறக்காமல் வன்மத்தோடு நிற்கிறது.

இப்பகுதியை வாசித்தபோது எனக்கு எங்கள் பனைகள் ஞாபகம் வந்தன. யுத்தகாலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எல்லாத் தரப்பினரும் பனைகளைத் தறித்தார்கள். யார் தறித்தது என்று வாதாடிய நாம், பனைக்கும் ஒரு பக்கம் உண்டா என்று யோசித்தது குறைவு.

இனி, எனது விமர்சனம். 1972இல் நாளேடொன்றுக்கு எழுதிய கடிதத்தில், தன் படைப்புகள் எங்கும் தான் மரங்களின் பக்கமே நிற்பதாக ரோல்கின் சொன்னார். சரி, அந்த உலைகளில் வேலை செய்தவர்களின் பக்கம் யார்? நாவலில் அவர்களுள் பெரும்பாலோர் ஓர்க்குகள். அருவருப்பானவர்கள், கொல்லப்பட வேண்டியவர்கள். ஆனால் இரண்டாம் பாகத்தின் இறுதியில் இரண்டு ஓர்க்குகள் தனியே பேசுகிறார்கள். யுத்தம் முடிந்தால் பெரிய முதலாளிகள் இல்லாத இடமாகப் பார்த்து, நம்பிக்கையான சிலருடன் போய் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எங்கள் கன்ரீனில் நடப்பதும் இதே பேச்சுத்தான். அந்த ஒரு பக்கத்துக்குப் பிறகு நாவல் அப்பேச்சை மறந்துவிடுகிறது.

சேர்ஹோல் ஆலை இப்போது அரும்பொருட்காட்சியகம். அங்கு போனபோதுதான் ஒரு விடயம் தெரியவந்தது. கைத்தொழில் புரட்சியின் முன்னோடிகளில் ஒருவரான மத்தியு போல்ற்றன் 1756இல் இதே ஆலையைக் குத்தகைக்கு எடுத்து உலோகவேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பின்னர் நீராவி இயந்திரமும் வந்தது. அதன் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. ரோல்கினின் பால்யகால சொர்க்கத்துக்குள்ளேயே எனது தொழிற்சாலையின் பாட்டன் இருந்திருக்கிறான்.

இதற்கு நாவலுக்குள் ஒரு பதில் உண்டு. 2003இல் வந்த மூன்றாவது திரைப்படம் அதை விட்டுவிட்டது. யுத்தம் முடிந்து ஹொபிற்றுகள் தம் ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். அங்கே லோதோ என்பவன் நிலங்களையும் ஆலையையும் வாங்கிக் குவித்து, விளைந்ததை வெளியூருக்கு ஏற்றியிருக்கிறான். புதிய ஆலையின் கழிவால் ஆறு கெட்டிருக்கிறது. பழைய ஆலைக்காரனின் மகன் அங்கேயே பிறருக்குச் சக்கரம் துடைக்கிறான். ஊரவர்கள் எழுந்து அவர்களை விரட்டுகிறார்கள். அதன்பின் தோட்டக்காரனான சாம், பரிசாகக் கிடைத்த மண்ணை ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு துகளாக இட்டு, ஊர் முழுக்க நடந்து நடுகிறான். மண்ணில் மாயம் உண்டுதான்; ஆனாலும் நடந்ததும் நட்டதும் ஒரு தொழிலாளி. மோர்டோரின் வயல்களில் உழைத்த அடிமைகளுக்கும் நிலம் வழங்கப்படுகிறது. அதற்கு நாவல் ஒதுக்கியது ஒரே வசனம். அந்த வசனத்தை நாம்தான் விரித்து வாசிக்க வேண்டும்.

ஏனெனில், எங்கள் தொழிற்சாலையில் எண்ணெய் கலந்த கழிவுநீரை வடிகாலில் ஊற்றக்கூடாது என்று முதலில் சொன்னவர் எந்தச் சூழலியலாளரும் அல்லர். அந்த எண்ணெயைத் துடைக்கும் வேலையில் இருந்த ஒரு தற்காலிகத் தொழிலாளி. அடுத்த வார வேலைப்பட்டியலில் அவர் பெயர் இருக்கவில்லை. அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. மரங்களை நேசித்துக்கொண்டு, உலையடியில் நிற்பவனை ஓர்க் என்று ஒதுக்குகிற சூழலியல் எமக்கு உதவாது. வேலை போய்விடும் என்று உலையடியில் மௌனமாக நிற்பதும் உதவாது.

பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து இந்தக் கதையை ஏன் வாசிக்கிறேன் என்று கேட்ட நண்பருக்கு, நான் நிற்கிற இடம் எது என்பதை இந்தக் கதைதான் எனக்குக் காட்டியது என்பதே என் பதில். அவருக்கு மறுப்பிருந்தால் அடுத்த இதழில் எழுதட்டும்.