தொட்டி மாறிய மரம்

மாணவர்களே, பாழடைந்த சுவரின் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய கன்றைப் பக்குவமாக எடுத்துத் தொட்டியில் குறுமரமாக வளர்த்து அழகு காண்போர் பலர். ஈராண்டு, மூவாண்டுக்கு ஒருமுறை வேர்கள் தொட்டியை நிறைத்துச் சுருண்டுவிடும். அப்போது வேரைச் சிறிது கத்தரித்துப் புதுமண் இட்டு நடுதல் வேண்டும். நடுவது ஒரு நாள் வேலை. மரம் பிழைக்குமா, மாளுமா என்பதை முடிவு செய்வது அதன்பின் வரும் ஒரு திங்களே.

மரம் நீரை உறிஞ்சுவது தடித்த வேரினால் அன்று. வேர்நுனியை அடுத்துள்ள நுண்ணிய வேர்த்தூவிகளினாலேயாம். பழைய மண்ணை உதிர்க்கும்போது இத்தூவிகளுள் பெரும்பாலானவை அறுந்துபோகின்றன. இலைகளோ இதனை அறியா; முன்போலவே நீரை ஆவியாக வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு குன்றியும் செலவு குன்றாத குடும்பத்தின் நிலைதான் அது. ஆதலின் செலவைக் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் மரத்தை வெளிச்சமுள்ள நிழலில், காற்று மோதாத இடத்தில் வையுங்கள். வீட்டுத் தாழ்வாரம் போதும். மரம் ஆடினால் புதிதாகத் தோன்றும் தூவிகளும் அறும். எனவே அடிமரத்தைச் சணற்கயிற்றால் தொட்டியோடு பிணைத்தல் நன்று.

இனி, நீர். இங்கேதான் பலர் இடறுகின்றனர். மரம் வாடக் கண்டதும் குடங்குடமாக வார்க்கின்றனர். வேரும் உயிர்ப்பதன்றோ? மண்ணின் இடைவெளிகளில் காற்று இருந்தாக வேண்டும். அங்கெல்லாம் நீரே நிறைந்து நின்றால் வேர் மூச்சின்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையால் இலை மேலும் வாடும். அதனைக் கண்டு மேலும் நீர் வார்ப்பர். பட்டினியால் மாண்ட தொட்டி மரங்களைவிடப் பரிவினால் மாண்டவையே மிகுதி என்பது, பள்ளித் தோட்டங்களைப் பல்லாண்டு கண்ட எனது கருத்து.

நட்டவுடன் அடித்துளை வழியே வடியும்வரை ஒருமுறை நீர் ஊற்றுங்கள். பிறகு நாள்தோறும் விரலை ஓர் அங்குலம் மண்ணுள் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டா. உலர்ந்திருப்பின் மறுபடியும் வடியுமாறு ஊற்றுங்கள். அடியில் வைத்த தட்டில் நீர் தேங்கினால் கொட்டிவிடுங்கள்.

எருவும் இப்போது கூடாது. உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். செறிந்த உரத்தின் உப்புகளும் புண்பட்ட வேரிலிருந்து அவ்வாறே நீரை இழுக்கும்.

சில நாட்களில் இலைகள் பழுத்து உதிரலாம். இந்நிலையில் அது ஆலினத்திற்கு இயல்பு. ஐயமிருப்பின் சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் உண்டு.

முறையாகப் பேணினால் தொட்டி மரம் எத்தனை தலைமுறை வாழும் என்று வரையறுப்பது அரிது. வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஜப்பானிய வெண்பைன் ஒன்று தொட்டியில் நிற்கிறது. 1625 முதல் பேணப்பட்டு வருவது என்பர். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டபோது, அது அந்நகரில் யாமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் ஒரு சுவரின் மறைவில் இருந்து பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாக வழங்கப்பட்டது. எத்தனை முறை அது மண் மாறியிருக்கும்! அத்தனை முறையும் யாரோ ஒருவர் பொறுமையுடன் காத்திருந்திருக்கிறார்.

உங்கள் ஆலங்கன்றில் புதுத்தளிர் விரிந்தபின், காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள்; நாளடைவில் நேரத்தைக் கூட்டலாம். ஆறு வாரம் சென்றபின், நீரில் நன்றாகக் கரைத்த தொழுவுரத்தைத் தெளியவைத்துச் சிறிதளவு ஊற்றத் தொடங்கலாம்.