ஆயா இடித்த மாத்திரை

இயந்திரவியல் படிக்கிறவனுக்கு மாத்திரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன வருஷம் வரை எனக்கும் அதில் வேலை இல்லைதான்.

சேந்தமங்கலத்தில் எங்கள் ஆயாவுக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு மெட்ஃபார்மின் மாத்திரை. "ஏங்கண்ணு, இத்தாம் பெருசு தொண்டையில எப்படி எறங்கும்?" என்று அதைச் சின்ன உரலில் இடித்து, தண்ணீரில் கலக்கிக் குடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் குமட்டும், வயிறு போகும். 'மாத்திரை ஒத்துக்கலை' என்று நிறுத்தியும் விட்டது. சர்க்கரை ஏறி, காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் புண்ணாகிவிட்டது. கட்டுப் போட்ட நர்ஸ் அக்காதான் அட்டையைத் திருப்பிக் காட்டினார். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.ஆர்.' என்று இருந்தது. "இதை இடிக்கவே கூடாது தம்பி. நீங்க படிச்சவர்தானே, பாக்கலையா?"

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். அந்த இரண்டு எழுத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை.

அந்த இரண்டு எழுத்து

மெதுவாக மருந்தை விடும் மாத்திரை என்று அதற்கு அர்த்தம். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் வயல் ஒரேயடியாக நனையும், பிறகு காயும். சொட்டுநீர் போட்டால் வேருக்கு எப்போதும் ஈரம் இருக்கும். சாதாரண மாத்திரை வாய்க்கால், எஸ்.ஆர். மாத்திரை சொட்டுநீர்.

மருந்தை மெதுவாகச் சொட்ட வைப்பது பாலிமர். சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டால் அது பாலிமர். இவ்வகை மாத்திரைகள் பலவற்றில், மரத்திலும் பஞ்சிலும் உள்ள செல்லுலோஸிலிருந்து செய்த ஒரு பாலிமர் இருக்கிறது. ஜவ்வரிசியை ஊறவைத்துப் பார்த்திருப்பீர்கள், உப்பி, வழவழப்பாகிவிடும். இந்தப் பாலிமரும் வயிற்று நீர் பட்டதும் உப்பிக் கூழாகிறது. அந்தக் கூழைத் தாண்டித்தான் மருந்து வெளியே வரவேண்டும். அதனால் பல மணி நேரம் ஆகிறது. இடித்துவிட்டால்? மடை உடைந்த கதைதான். நாள் முழுவதற்குமான மருந்து மொத்தமாக இறங்கிவிடும்!

ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி மாவும் குளுக்கோஸ் சங்கிலியாலான பாலிமர்தான். ஆனால் சாதாரண மாத்திரையில் ஸ்டார்ச் செய்வது நேர்எதிர் வேலை. பொடியைப் பிடித்து வைக்கும். தண்ணீர் பட்டால் உப்பி மாத்திரையைச் சீக்கிரம் உடைத்துவிடும். நம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காக 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அந்த மூட்டைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பாலிமர் என்றால் பிளாஸ்டிக் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்!

ஊசியில் ஒரு மாத மருந்து

பெரிய மூலக்கூறு மருந்துகளையும் பாலிமரிலிருந்து மெதுவாகக் கசியவைக்க முடியும் என்று 1976-ல் அமெரிக்காவில் ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மனும் காட்டினார்கள். லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் இரண்டையும் கோத்துச் செய்த பாலிமரில் மருந்தை நுண்ணிய உருண்டைகளாக்கி ஊசியில் போடலாம். உடம்பின் ஈரத்தில் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து மருந்து வெளிவரும். மிஞ்சும் அமிலங்களை உடம்பே கழித்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைடு மருந்தை இப்படி மாதம் ஒருமுறை போட்டால் போதும். காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் கொல்லிமலைக்காரருக்கு, தினமும் ஊசிக்கு வருவதற்கும் மாதம் ஒருமுறை வருவதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லியா தெரியவேண்டும்?

செல்லே பட்டறை

இன்னொரு வழி, மருந்தை வெளியிலிருந்து கொடுக்காமல் உடம்பின் செல்லையே தயாரிக்க வைப்பது. இது நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே நடந்திருக்கிறது. ஹீமோஃபிலியா 'ஏ' உள்ளவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான 'காரணி 8' போதாது. அதை ஊசியில் அடிக்கடி ஏற்றவேண்டும். வேலூரில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, நோய் தராதபடி மாற்றிய வைரஸ் மூலம் அந்தக் காரணிக்கான மரபணுவைச் செல்லுக்குள் அனுப்பி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். ஐந்து பேருக்குச் செய்த இந்தச் சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. செல்கள் வேர்பிடித்த பிறகு, கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை! ஆனால் ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. செல்லை ஏற்றுமுன் கடுமையான கீமோதெரபியும் தேவை.

நெக்ஸ்கார்19-ல் செல்லே மருந்து. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பிறந்த இதற்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் வெள்ளணுக்களையே மாற்றியமைத்து, சிலவகை ரத்தப் புற்றுநோயைத் தாக்க அனுப்புகிறார்கள்.

நண்பர்களே, இதெல்லாம் பெரிய ஆராய்ச்சி. நாம் செய்யக்கூடியது சின்ன வேலை. இந்த வாரம் ஊருக்குப் போனதும் வீட்டு மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால், டாக்டரைக் கேட்காமல் இடிக்கவோ உடைக்கவோ மெல்லவோ விடாதீர்கள். விழுங்க முடியாவிட்டால் அவரிடமே சொல்லுங்கள், வேறு வழி சொல்வார்.

ஆயாவுக்கு இப்போது டாக்டர் சின்ன மாத்திரையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். புண் ஆறிவிட்டது. ஒவ்வொரு புது அட்டையையும் என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு சாமி" என்கிறது. நானும் ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொல்கிறேன்.

– இரண்டாமாண்டு, இயந்திரவியல்